மரத்தில் செதுக்கிய ஜெட் விமானங்கள்

பழைய பயணிகள் ஜெட் விமானங்களின் மர மாதிரி என்பது திடமான மரக்கட்டையைச் செதுக்கி, இழைத்து, வண்ணம் பூசிச் செய்யும் சிற்றுருவம். பெரும்பாலும் அசலில் நூறில் ஒரு பங்காகவோ இருநூறில் ஒரு பங்காகவோ இருக்கும். ஏர் இந்தியா 1960இல் சேர்த்துக்கொண்ட போயிங் 707இன் நீளம் 46.6 மீட்டர். நூறில் ஒரு பங்கில் அது 46.6 சென்டிமீட்டராகி ஒரு மேசைமேல் அடங்கிவிடும். உள்ளே எந்திரம் கிடையாது, பறக்காது, பிள்ளைகள் கையில் கொடுத்தால் வால் ஒடிந்துவிடும். ஓட்டம் நின்றுபோன ஒன்றின் உருவத்தை மட்டும் இவ்வளவு பாடுபட்டு வைத்துக்கொள்வானேன் என்ற கேள்வி இந்தக் கைவேலையோடு கூடவே வருகிறது. பழைய வீடு, அற்றுப்போன தொழில், மறைந்துவிட்ட மனிதர் என்று எதைக் காப்பாற்றி வைக்க முனைந்தாலும் எழும் கேள்விதான் அது. மர மாதிரியில் அதைக் கையால் தொட்டுப் பார்க்க முடிகிறது.

விமானத்தைப் பொறுத்தவரை மரம் பிற்பாடு வந்த பொருள் அல்ல. உலோகத் தகடு வெட்டுவதற்கு முன்பே வடிவத்தை மரத்தில் செதுக்கிக் காற்றுச்சுரங்கத்தில் வைத்துச் சோதிப்பது நெடுநாள் வழக்கம். இந்தியாவில் அதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஜெர்மானியப் பொறியாளர் கர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் மாருத் போர் விமானம் உருவானபோது, முதலில் முழு அளவிலேயே மரத்தில் ஒரு கிளைடர் செய்து 1959இல் பறக்கவிட்டார்கள். எந்திரம் பொருத்திய மாருத் பறந்தது 1961 ஜூன் 17 அன்று. ஆக, மர உருவம் விமானம் பிறக்கும் முன் ஒரு முறை வருகிறது, விமானம் போன பின் இன்னொரு முறை வருகிறது. முன்னது ‘இது பறக்குமா’ என்று கேட்கிறது. பின்னது ‘பறந்தது எப்படி இருந்தது’ என்று கேட்கிறது. இரண்டுக்கும் வேண்டிய கவனம் ஒன்றுதான்.

இந்த வேலைக்கு இன்று உலக அளவில் பெயர்பெற்ற இடம் பிலிப்பைன்ஸ். அங்கே கிளார்க் என்ற இடத்தில் 1991 வரை அமெரிக்க விமானப்படைத் தளம் இருந்தது. அதை ஒட்டி வளர்ந்த பட்டறைகளில் மஹோகனி மரத்தில் போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் செதுக்கப்படுகின்றன.

தமிழ்நாட்டில் உளிக்குக் குறைவில்லை. விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டிய ஊர் திருக்கோவிலூர். அந்த ஊரும் கள்ளக்குறிச்சி, சின்னசேலம் பகுதிகளும் மரச்சிற்பத்துக்குப் பேர்போனவை. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே செதுக்கப்படுபவை சாமி உருவங்களும் கதவுகளும் பூவேலைப் பலகைகளுமே. ஆனால் விமானம் செதுக்குபவர் சந்திக்கும் சிக்கல்கள் அந்தத் தச்சர்களுக்குப் புதியவை அல்ல. உறுப்பளவு பிசகாமல் பெரியதைச் சிறியதாக்குவது அவர்கள் அன்றாடம் செய்யும் வேலை.

சிக்கல் உடலிலேயே தொடங்குகிறது. விமானத்தின் உடல் உருண்டைக் குழாய்தானே, கடைசலில் பிடித்துக் கடைந்துவிடலாம் என்று தோன்றும். 707இன் உடலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது வட்டமாக இராது. பயணிகள் இருக்கும் மேல்பாதி ஒரு வட்டத்தின் பகுதி, சாமான்கள் வைக்கும் கீழ்ப்பாதி இன்னொரு வட்டத்தின் பகுதி, இரண்டும் தரைமட்டத்தில் சேர்கின்றன. வாலை நெருங்கும்போது முதுகு ஏறக்குறைய நேராகவே போக, அடிவயிறுதான் மேலேறுகிறது. எனவே அட்டையில் வெட்டிய அளவுப் படிவங்களை ஒவ்வோர் இடத்திலும் வைத்துப் பார்த்து, கையாலேயே செதுக்க வேண்டியிருக்கிறது. எந்திரக் கூடுகளை மட்டும் கடைந்து எடுத்துக்கொள்ளலாம்.

இறக்கை அதைவிடக் கடினம். அது 35 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, நுனிக்குப் போகப் போக 7 பாகை மேலேறுகிறது, முன்விளிம்பு மழுங்கியும் பின்விளிம்பு கூர்ந்தும் முடிகிறது. மரத்தின் நார் இறக்கையின் நீளவாக்கில் ஓடும்படி பலகையை வெட்டாவிட்டால் மெல்லிய பின்விளிம்பு உப்புத்தாள் பட்டதுமே பிளந்துவிடும். அப்படி வெட்டினாலும் அசல் பின்விளிம்பை நூறில் ஒரு பங்காக்கினால் அது தலைமுடியைவிட மெல்லியதாகிவிடும், மரம் அதற்கு இடம் கொடுக்காது. ஒரு மில்லிமீட்டராவது கனம் விட்டே ஆக வேண்டும். கணக்குப்படி அது தவறு. ஆனால் நல்ல கைவினைஞர் செய்த இறக்கையைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது மெல்லியதாகவே படும். முன்விளிம்பின் உருட்சியைச் சரியாகக் கொண்டுவந்தால் பின்விளிம்பின் கனம் மறைந்துவிடுகிறது. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது, எதை விட்டேவிடுவது என்ற முடிவுகளில்தான் இந்த வேலையின் உயிர் இருக்கிறது.

707இன் பயணிகள் ஜன்னல் ஏறக்குறைய ஓரடி உயரம். மாதிரியில் அது மூன்று மில்லிமீட்டர், தச்சர் கணக்கில் ஒரு நூல். அந்த ஒரு நூலுக்குள் என்ன அடங்கும் என்பதற்குக் கோமெட் விமானத்தைப் பார்க்க வேண்டும். உலகின் முதல் பயணிகள் ஜெட் விமானமான கோமெட் 1952 மே 2 அன்று லண்டனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்குச் சேவை தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, கல்கத்தாவிலிருந்து கிளம்பிய ஒரு கோமெட் புயல்மழையில் உடைந்து விழுந்து 43 பேர் இறந்தார்கள். 1954 ஜனவரியில் எல்பா தீவருகே ஒன்றும், ஏப்ரலில் நேப்பிள்ஸ் அருகே ஒன்றும் நடுவானில் சிதறின. இந்த இரண்டிலும் 56 பேர் மாண்டார்கள். பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் ஒரு கோமெட்டின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, மேலே ஏறி இறங்கும்போது ஏற்படும் அழுத்தத்தை மறுபடி மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057 முறைக்குப் பிறகு உடல் கிழிந்தது. ஜன்னல் போன்ற வெட்டுகளின் மூலைகளில் அழுத்தம் குவிந்து உலோகம் சோர்ந்துபோனதே காரணம். அதன்பின் வந்த கோமெட் 4இன் ஜன்னல்களில் மூலையே இல்லை, நன்றாக வளைந்திருந்தன. பிற்பாடு வந்த ஜெட் விமானங்கள் எல்லாமே அந்தத் தொட்டியில் கற்ற பாடத்தைச் சுமந்துகொண்டுதான் பறந்தன.

கோமெட் 1ஐச் செதுக்குபவர் ஜன்னலைச் சதுரம்போல் வரைய வேண்டும். கோமெட் 4 என்றால் வளைத்து வரைய வேண்டும். தூரிகை நுனியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இராது. காரணம் தெரியாதவர் எல்லா ஜன்னலையும் ஒரே அச்சில் ஒட்டிவிடுவார். அந்த விமானமும் அலமாரியில் அழகாகவே இருக்கும். ஆனால் அப்படியொரு கோமெட் எந்நாளும் பறந்ததில்லை. உருவத்தை வைத்துக்கொள்வதில் பொருள் இருக்கிறது என்றால், அந்த உருவம் ஏன் அப்படி அமைந்தது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்போதுதான். இல்லாவிட்டால் அது அலங்காரத்தோடு நின்றுவிடுகிறது.

ஒரு பொருளின் வடிவம் இன்னொரு பொருளில் பிழைத்திருப்பது விழுப்புரம் மண்ணுக்குப் பழகிய சேதி. இதே மாவட்டத்தில் மண்டகப்பட்டு என்ற ஊரில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குடைவரையை எடுத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி அமைத்ததாக அதன் கல்வெட்டே சொல்கிறது. கோயில்கள் அதுவரை எவற்றால் கட்டப்பட்டன என்பதை அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கிறது. அருகிலுள்ள தளவானூர்க் குடைவரையின் முகப்பில் வரிசையாக இருக்கும் கூடுகள் மரக்கட்டட ஜன்னல் வளைவின் வழிவந்தவை. மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் கூரைவேய்ந்த குடிலின் வடிவத்தை அப்படியே கல்லில் நிறுத்துகிறது. அந்தக் காலத்து மரக் கட்டடம் ஒன்றுகூட இங்கே இன்று இல்லை. அவை எப்படி இருந்தன என்பதற்குக் கல்லில் எடுத்த நகல்களே சாட்சி. மூலம் நீடிக்கும், நகல் தாழ்ந்தது என்ற எண்ணம் அங்கே தலைகீழாகிறது. அலுமினிய விமானத்தை மரத்தில் வடிப்பது அந்தப் பயணத்தின் எதிர்த்திசை.

ஏர் இந்தியாவின் முதல் 747ஆன ‘எம்பரர் அசோகா’வில் இந்த இரண்டு மரபுகளும் சந்தித்துக்கொள்கின்றன. 1971இல் வந்த அந்த விமானத்தின் ஒவ்வொரு ஜன்னலைச் சுற்றியும் ராஜஸ்தான் அரண்மனைச் சாளரத்தின் வளைவைச் சிவப்பில் வரைந்திருந்தார்கள். மாதிரியில் அந்த வளைவுகள் ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர்தான். உடலின் இருபக்கமும் ஒன்றுபோல, ஒரே மட்டத்தில் அவற்றை இழுப்பது உளிவேலையைவிடப் பொறுமை கேட்கும் வேலை. அந்த விமானம் 1978 ஜனவரி 1 அன்று பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். ஏர் இந்தியாவின் கடைசி 747களில் ஒன்று 2024 ஏப்ரலில் மும்பையிலிருந்து கிளம்பி, பாகம் பாகமாகப் பிரிக்கப்படுவதற்காக அமெரிக்கா போய்ச்சேர்ந்தது. பெரும்பாலான பயணிகள் விமானங்களின் கடைசி நிலை அதுதான்: தகடு உருகும், பாகங்கள் வேறு விமானங்களுக்குப் போகும்.

ஒரே விமானம் இருபது ஆண்டுகளில் வண்ணம் மாறும், எந்திரம் மாறும், சில சமயம் பெயரும் மாறும். மாதிரியோ ஒரே ஒரு நாளில்தான் நிற்க முடியும். அணு விஞ்ஞானி ஹோமி பாபா உட்பட 117 பேரோடு 1966 ஜனவரி 24 அன்று மான்ட் பிளாங்க் மலையில் மோதிய ஏர் இந்தியா 707 ‘கஞ்சன்ஜங்கா’வை ஒருவர் செதுக்கக் கேட்டால், அந்தக் காலத்து வண்ணத்தில்தான் செய்ய வேண்டும். 1971இல் வந்த சாளர வளைவுகளை அதன்மேல் வரைந்தால், விமானம் இல்லாமற்போன பிறகு வந்த சட்டையை அதற்குப் போட்டுவிட்டதாகும். மறைந்தவரின் படத்தை மாட்டும்போது எந்த வயதுப் படம் என்று வீட்டார் யோசிப்பதும் இதே தேர்வுதான். அவசரமாகச் செய்த மாதிரிகளில் காலம் மாறிய வண்ணம் அடிக்கடி கண்ணில் படுகிறது.

எந்திரக் கூட்டிலும் இதே கவனம் வேண்டும். ஏர் இந்தியாவின் முதல் 707ஆன ‘கௌரி சங்கர்’ ரோல்ஸ் ராய்ஸ் கான்வே எந்திரங்களோடு வந்தது. பின்னால் வாங்கிய 707களில் பிராட் அண்ட் விட்னி எந்திரங்கள் இருந்தன, அவற்றின் கூடுகளின் அமைப்பே வேறு. அதனால்தான் மாதிரி செய்பவர் ஆணை தருபவரிடம் விமானத்தின் பெயரோடு ஆண்டையும் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே கட்டையில் கோடு போடுகிறார்.