நிறுவையில் ஏறாத கொழுந்து

கேமரன் மலையில் ரிங்லெட்டைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கையால் கொழுந்து கிள்ளிய காலத்தில், கூலி நிறுவையைப் பொறுத்திருந்தது. ஒருத்தி பறித்த கூடையை நிறுத்துவிட்டு அந்த எடையை அவள் பேரில் ஏற்றாமல் விட்டால் என்ன நடக்கும்? கொழுந்து தொலையவில்லை. ஆலைக்குப் போக வேண்டியது போய்விட்டது, தேயிலையின் மணமும் குறையாது. போனது அவளுடைய அன்றைய கூலி மட்டும். அதைத் திருட்டு என்று சொல்ல, தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் யாரும் தயங்கமாட்டார்கள்.

பாட்டை நகலெடுப்பதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். எடுத்தாலும் குறையாத பொருளை எடுப்பது எப்படித் திருட்டாகும் என்ற கேள்வி, 1999-இல் இணையத்தில் பாட்டுகளைப் பகிரும் நாப்ஸ்டர் வந்தபோது உலகெங்கும் கேட்கப்பட்டது. பாட்டு குறையவில்லை என்பது உண்மைதான். உழைத்தவர் பேரில் ஏற வேண்டிய எடைதான் ஏறவில்லை.

மலேசியாவில் பாசார் மாலம் எனும் இரவுச் சந்தையில் திருட்டு வட்டுகள் குவிந்து கிடந்த காலம் ஒன்று உண்டு. அதை ஒடுக்க 2000-இல் ஒளிவட்டுகளுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. பின்னர் அசல் வட்டில் ஹோலோகிராம் ஒட்டுவதும் கட்டாயமானது. 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திருட்டு நகல் விற்பவருக்கு நகல் ஒன்றுக்கு 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஒரே படைப்பின் மூன்று திருட்டு நகல்கள் ஒருவர் கையில் இருந்தால், அவை சொந்த உபயோகத்துக்கு அல்ல என்றே அந்தச் சட்டம் கொள்ளும். அப்படி இல்லை என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும். வீட்டையும் கடையையும் பிரிக்க இழுத்த கோடு இது. கைப்பேசி அதை அழித்துவிட்டது. காசு வாங்காமல் நூறு பேருக்கு ஒரு பாட்டைத் தட்டிவிடுபவர் வியாபாரி அல்ல. ஆனால் அவர் செய்யும் சேதம் பாசார் மாலத்துக் கடைக்காரர் செய்ததைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

“காசு கம்பெனிக்குத்தானே போகிறது” என்பார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. தம் பாடல்களை விற்றுவந்த நிறுவனங்களுக்கு எதிராக இளையராஜாவே நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. அவற்றுள் மலேசிய நிறுவனம் ஒன்றும் இருந்தது. ஆனால் ஒருவருக்குச் சேர வேண்டியதை இன்னொருவர் தரவில்லை என்பதற்காக நாமும் தராமல் இருந்தால் அவருக்கு என்ன நியாயம் கிடைக்கும்?

எல்லா நகலும் ஒரே எடை அல்ல. சென்னையின் திரைப்பாட்டுக்குக் கோடிக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. மலேசியத் தமிழ்க் கலைஞருக்கோ, தமிழரல்லாதாரையும் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் இந்தியர் கொண்ட நாடுதான் சந்தை. 2006-இல் யோகி பியும் நட்சத்ராவும் தந்த ‘வல்லவன்’ போலக் கடல் தாண்டும் இசைத்தொகுப்பு அபூர்வம். மற்றவர்களுக்குச் சந்தை ஜொகூரில் தொடங்கிப் பெர்லிஸில் முடிந்துவிடும். அவர்களுடைய புதுப்பாட்டை இனாமாகப் பரப்புவது, தெரிந்தவர் கூலியிலேயே கைவைப்பது. ரிங்லெட்டில் வாங்கக்கூடியவர் பத்துப் பேர்தான் என்றால், அந்தப் பத்துப் பேரில் ஒருவர் விலகினாலே இழப்பு பெரிது.

கேசட் காலத்து நகலை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. தாப்பாவிலிருந்து வளைந்து ஏறும் மலைச்சாலை தாண்டி எல்லாப் பாட்டும் வந்து சேரவில்லை. வந்ததை வாங்கத் தோட்டச் சம்பளமும் இடம் தரவில்லை. வாங்கவே போகாதவர் பதிவு செய்து கேட்டதால் பாடினவர் இழந்தது சொற்பம். இன்று கைப்பேசியிலேயே முறையாகக் கேட்க வழியிருக்கும்போது அந்தச் சாக்கு செல்லாது. ஒவ்வொரு முறை கேட்பதற்கும் கிடைக்கும் பங்கு சில்லறைதான், ஆனாலும் அது பாடியவர் பேரில் ஏறுகிறது.

பதில் எளிதாகக் கிடைக்காத கேள்வி ஒன்று மிச்சமிருக்கிறது. மலையின் ஈரத்தில் நாடாவில் பூசணம் பூத்துவிடும். விற்பனையில் இல்லாத பழைய உள்ளூர்ப் பாட்டு ஒன்றின் அசல் அப்படி அழிந்துபோய், யாரோ அனுமதி கேட்காமல் எடுத்த நகல் மட்டும் ஏதோ ஒரு லயத்துப் பெட்டியில் கிடந்தால், பாடியவரின் பேரப்பிள்ளைகள் அதைக் கேட்டு அழும்போது அந்த நகலை எந்தப் பேரில் எழுதுவது?