யாருக்குப் பாதுகாப்பு?

வட அமெரிக்காவிற் பனிக்காலந் தொடங்கியதும், கனடாவிலிருந்தும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட மாநிலங்களிலிருந்தும் ஓய்வுபெற்ற முதியோர் பலர் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றனர். அடுப்பும் கட்டிலும் குளியலறையும் கொண்ட பெரிய மோட்டார் வண்டியே அவர்களுக்கு வாகனமும் வீடும். 'ஆர்.வி.' என்று அவர்கள் சுருக்கிச் சொல்லும் இதனை நாம் வீட்டுவண்டி என்போம். அவர்களுட் சிலர் எல்லையைக் கடந்து மெக்சிக்கோவுக்குள் நுழைந்து, பாகா கலிபோர்ணியாத் தீபகற்பத்தின் வழியே சென்று, சாம்பல்நிறத் திமிங்கிலங்கள் குட்டி ஈன வரும் கடற்கழிகளின் ஓரத்தில் வாரக்கணக்கிற் தங்குவர். 1973ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நெடுஞ்சாலை ஏறத்தாழ 1,700 கிலோமீற்றர் நீளத்துக்கு அத்தீபகற்பத்தை ஊடறுத்துச் செல்கிறது. புறப்படுமுன் அவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அங்கே போவது பாதுகாப்பானதா?"

இக்கேள்வியை ஏளனஞ் செய்ய நாம் முன்வரவில்லை. அச்சத்துக்கும் அறிவினுள் ஓர் இடம் வகுத்தவர் வள்ளுவர். மெக்சிக்கோ அரசாங்கம் 2006ஆம் ஆண்டின் இறுதியிற் போதைப்பொருட் கும்பல்களுக்கெதிராக இராணுவத்தை இறக்கிற்று. அதன் பின்னர் இலட்சக்கணக்கானோர் அந்நாட்டிற் கொலையுண்டனர். மனைவியையும் ஏற்றிக்கொண்டு வண்டியோட்டும் எழுபது வயது மனிதர் இதை எண்ணிப் பாராமற் புறப்பட்டால் அது வீரமன்று. ஆகவே அவர் மெக்சிக்கோச் சட்டம் ஏற்கும் காப்புறுதியை வாங்குகிறார். எரிபொருட் தாங்கி பாதியாகுமுன்னரே நிரப்புகிறார். இருட்டுமுன் தரிப்பிடஞ் சேர்கிறார். இரவில் ஓட்டாதே என்னும் விதியைக் கேட்டவுடன் எமது மனம் கொள்ளைக்காரரை நினைக்கும். அவ்வழி சென்று பழகியோர் முதலிற் சொல்வது மாடுகளைப் பற்றி. ஓரமில்லாத ஒடுங்கிய தார்வீதியில் இருளோடு இருளாய் நிற்கும் மாடு, துப்பாக்கி ஏந்தியவனைக் காட்டிலும் அடிக்கடி எதிர்ப்படும் ஆபத்து. வன்னி வீதிகளில் இரவிற் பிரயாணஞ் செய்தோர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விதிகள் இருக்கட்டும். எம்மை எழுதத் தூண்டியது வேறொன்று. அமெரிக்க அரசாங்கம் தன் பிரசைகளுக்காக மெக்சிக்கோவின் மாநிலங்களைத் தனித்தனியே தரம் பிரித்து எச்சரிக்கை வெளியிடுகிறது. 2024ஆம் ஆண்டு ஆறு மாநிலங்கள் 'செல்லவேண்டாம்' என்ற தரத்தில் இருந்தன. யுக்கற்றானும் கம்பேச்சேயும் வழமையான அவதானத்தோடு செல்லத்தக்கவை. நிறந் தீட்டிய அப்படத்தை ஒருநாள் எமது உயர்தர வகுப்பிற் காட்டினோம். பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அந்தச் சிவப்புக்குள்ள இருக்கிற சனம் எங்க போறது?" என்றாள். வகுப்புச் சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

படந் தீட்டியவர்களிடம் அவள் கேள்விக்கு விடையில்லை. விடை சொல்வது அவர்களது வேலையுமன்று. 'பாதுகாப்பானதா' என்னும் சொல்லின் முன்னே 'எனக்கு' என்னும் சொல் மறைந்து நிற்கிறது. எமது ஆற்றுப்படைகளும் வழிகாட்டும் நூல்களே. மலைபடுகடாம் கூத்தருக்கு வழி சொல்லும்போது, பன்றிக்கு வைத்த பொறிகளையும், வழுக்கும் பாறைகளையும், யானையை விரட்டப் புனங்காப்போர் எறியும் கவண்கற்களையும் ஒளிக்காமற் சொல்கிறது. ஆனால் அக்கல்லை எறிபவர் யார், எதைக் காக்க எறிகின்றார் என்பதும், அவ்வூரார் என்ன உணவிட்டு உபசரிப்பர் என்பதும் அதே நூலில் உள்ளன. அங்கே ஆபத்து உண்டு; மனிதரும் உண்டு. நிறப்படத்தில் ஆபத்து மட்டுமே உண்டு.

மனிதரில்லாத படத்தில் மறைந்துபோவது என்ன? ரெக்சாஸ் எல்லையை அடுத்த தமோலிப்பாஸ் மாநிலத்தின் நெடுஞ்சாலைகளை வீட்டுவண்டிக்காரர் பலர் தவிர்த்துவிடுவர், அது விவேகமே. அம்மாநிலத்துச் சான் பெர்னாண்டோவில் 2010 ஆகஸ்ட் மாதத்தில் 72 பேர் கொல்லப்பட்டனர். மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வடக்கே சென்ற ஏழைகள் அவர்கள். அடுத்த ஆண்டு அதே பிரதேசத்துப் புதைகுழிகளிலிருந்து 193 உடல்கள் எடுக்கப்பட்டன. அவர்களுட் பலர் பஸ் வண்டிகளிலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். இவர்களுக்கு மாற்றுப்பாதை இருந்ததா? பிரயாணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க வசதி இருந்ததா? குவெரெரோ மாநிலத்தின் இகுவாலா நகரில், 2014 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, அயோட்சினாபாக் கிராமிய ஆசிரிய கலாசாலை மாணவர் 43 பேர் பஸ்களிற் சென்றபோது பொலிசாராற் பிடிக்கப்பட்டுக் காணாமற் போயினர். 1968ஆம் ஆண்டு தலைநகரிற் கொல்லப்பட்ட மாணவரை நினைவுகூரும் ஊர்வலத்துக்குச் செல்வதற்காகவே அவர்கள் அந்தப் பஸ்களைக் கைப்பற்றியிருந்தனர். மூவரின் எச்சங்களே அடையாளங் காணப்பட்டன. ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கப் பயின்றுகொண்டிருந்த இளைஞர்கள்! ஆசிரியத் தொழிலில் இருக்கும் எமக்கு இச்செய்தியைக் கடந்து செல்வது எளிதாயில்லை.

பாகா கலிபோர்ணியாவிலும் துயரம் நிகழாமலில்லை. 2024 ஏப்பிரல் மாத இறுதியில் என்செனாடாவுக்குத் தெற்கே கடற்கரையிற் கூடாரமடித்திருந்த வெளிநாட்டு இளைஞர் மூவர் கொல்லப்பட்டனர். வண்டியின் டயர்களுக்காகவே இக்கொலை நடந்ததென்று அதிகாரிகள் கூறினர். உலகப் பத்திரிகைகள் எழுதின. சில நாட்களில் உடல்கள் ஒரு கிணற்றிற் கண்டெடுக்கப்பட்டன. அதே கிணற்றில் நான்காவது உடலொன்றும் கிடந்தது. அது இவ்வழக்கோடு தொடர்பற்றது, நெடுநாள் முன்னரே அங்கு கிடந்தது என்றனர். மூவரைத் தேடியிராவிட்டால் அந்த நான்காவது மனிதரை எவர் கண்டிருப்பார்? மூவரின் பெற்றோருடைய துயரைச் சிறிதாக்க இதைச் சொல்லவில்லை. காணாமற் போனோரின் அரசாங்கப் பதிவேடு 2022 மே மாதத்தில் ஓர் இலட்சத்தைத் தாண்டிய நாடு அது. தாய்மார் தாமே மண்வெட்டியுடன் புறப்பட்டு, இரும்புக் கம்பியை நிலத்திற் குத்தி இழுத்து, அதன் நுனியை முகர்ந்து பிள்ளைகளைத் தேடுகின்றனர். கிளிநொச்சியில் 2017ஆம் ஆண்டு முதல் வீதியோரத்திற் படங்களோடு அமர்ந்த எமது தாய்மாரைக் கண்டபின், அவர்களை அந்நியராக எண்ண எம்மால் இயலவில்லை.

இளங்கோவடிகள் பாலையைத் தனி நிலமாகக் கொள்ளவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு கெட்டுக் கொள்ளும் வடிவமாகவே கண்டார். 'கலவர நாடு' என்று நாம் ஒட்டும் பெயரையும் அவ்வாறே நோக்கவேண்டும். வெம்மை எங்கிருந்து வந்தது? 2014 முதல் 2018 வரை மெக்சிக்கோவிற் கைப்பற்றப்பட்டு, மூலம் ஆராயப்பட்ட துப்பாக்கிகளில் நூற்றுக்கு 70 வீதமானவை அமெரிக்காவிலிருந்து வந்தவையென்று அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகமே கூறிற்று. போதைப்பொருளை வாங்கும் டொலர்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. மெக்சிக்கோ அரசாங்கம் 2021ஆம் ஆண்டு துப்பாக்கி உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுத்தது. 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அதனை ஏகமனதாக நிராகரித்தது. படத்திற் சிவப்பு நிறந் தீட்டும் தேசமும் துப்பாக்கி செய்யும் தேசமும் ஒன்றே.

அப்படியானால் அங்கு போகாதிருப்பதுதான் அறமோ என்று நண்பரொருவர் வினவினார். நாம் அவ்வாறு கருதவில்லை. 1983 முதல் 2009 வரை எமது நாட்டில் யுத்தம் நடந்த காலத்திலும் உல்லாசப் பிரயாணிகள் தென்கரையில் வெயில் காய்ந்தனர். அவர்கள் வராதிருந்தால் வடக்கிற் குண்டு விழாதிருக்குமா? விழுந்தேயிருக்கும். வந்தவர்களுட் பலர் எதையும் கேளாமலே திரும்பினர் என்பதே எமது மனக்குறை. கடற்கழியிற் படகோட்டித் திமிங்கிலங் காட்டுபவனுக்கும், வீதியோரத்தில் மீன் பொரித்து விற்பவளுக்கும் வீட்டுவண்டிகளின் வரவால் அடுப்பெரிகிறது. அச்சங் காரணமாக அவர்களையும் கும்பல்களோடு சேர்த்து ஒதுக்குவது நியாயமாகாது. அதேவேளை, தன் துணிவைக் காட்ட எண்ணித் தடுக்கப்பட்ட வழியிற் புகுந்து, தன்னை மீட்க வரும் ஊரவரையும் இடரில் மாட்டுவது அதனினும் நியாயமன்று. எச்சரிக்கைப் படத்தைப் பார்த்தபின் ஊராரையும் கேட்கவேண்டும்: "நீங்கள் இவ்வழியாற் போவீர்களா? எந்நேரம் போவீர்கள்? உங்கள் பிள்ளைகளை அனுப்புவீர்களா?" இவ்வாறு கேட்பவருக்குச் செம்மையான வழித்தகவல் கிடைக்கும், கூடவே, விடை சொல்பவரின் வாழ்வும் ஒரு சிறிது தெரியவரும்.

திகுவானா எல்லையிற் தெற்கே நுழையும் வண்டிகளுட் பெரும்பாலானவை பச்சை விளக்கைக் கண்டு தடையின்றிச் செல்கின்றன. சிலவற்றையே நிறுத்திப் பார்க்கின்றனர். வடக்கே திரும்புவோர் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கவேண்டும். பெட்டிகள் திறக்கப்படும், நாய்கள் முகரும், கூடையிலுள்ள பழத்தைப் பற்றியும் விசாரணை நடக்கும். வீட்டுவண்டியில் அமர்ந்து தம் முறைக்குக் காத்திருக்கும் முதியவருக்கு அங்கே நேரம் நிறைய உண்டு. எதிர்ப்பாதையிற் தெற்கு நோக்கி விரையும் வண்டிகளை அவர் பார்த்துக்கொண்டிருக்கலாம்.