ஒரு சொட்டு எண்ணெய்

ராத்திரி கார் நின்ற இடத்தில் காலையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு வட்டம். 1962லிருந்து 1980வரை இங்கிலாந்தில் கவென்ட்ரியில் தயாரான டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இன்றும் வைத்திருப்பவர்களில் பலர் இந்த வட்டத்தைப் பார்த்திருப்பார்கள். வட்டம் பின்பக்கம் டிஃபரன்ஷியலுக்கு அடியில் இருந்து, தொட்டு முகர்ந்தால் கந்தக வாடையும் அடித்தால், கசிவது கியர் எண்ணெய். இதுவரை சுலபம். ஒரு சிறு குறையைக் கண்டுவிட்டதாலேயே அதைச் சரிசெய்யும் உரிமை நமக்கு வந்துவிடுகிறதா என்பதுதான் எனக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை.

வட்டத்தின் முன் இரண்டு மனோபாவங்கள் சாத்தியம். ஒன்று ரசிகனுடையது. கசிவதுதான் இந்தக் கார்களின் குணம், சொட்டு நின்றுவிட்டால் உள்ளே எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம் என்று சிரிப்பான். பழைய பிரிட்டிஷ் கார்க்காரர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் ஹாஸ்யம் இது. ஆனால் இந்த டிஃபரன்ஷியல் கொள்வதே அரை லிட்டர் சொச்சம்தான். அதில் கணிசமாக இழந்தபின் பற்சக்கரங்கள் உலோகத்தோடு உலோகமாக உரச ஆரம்பிக்கும். தவிர, எண்ணெய் அவன் வாசலில் மட்டும் விழுவதில்லை. மழையில் பின்னால் சைக்கிளில் வருகிறவனுக்குக் குணமாவது ஒன்றாவது.

மற்றவன் சுத்தக்காரன். ஈரத்தைப் பார்த்த மாத்திரத்தில் அந்த இடத்து ஆயில் ஸீலைப் பிடுங்கிவிடத் துடிப்பவன். இவனிடம்தான் எனக்கு அதிகப் பயம்.

டிஃபரன்ஷியலின் மேல்பக்கம் ஒரு சிறு துவாரம் இருக்கிறது. அதில் ஒரு ஸ்பிளிட் பின்னைத் தொளதொளவென்று செருகி விட்டிருக்கிறார்கள். ஓட்டத்தில் சூடேறி விரியும் உள்காற்று வெளியேற இந்தத் துவாரமே வழி. பின் ஆடிக்கொண்டே இருப்பதால் துவாரம் அடைபடாது. ஆடுவதைத் தவிர அதற்கு வேறு வேலையில்லை. வருஷக்கணக்கில் சேறும் பெயின்டும் சேர்ந்து அது அசையாமல் இறுகிவிட்டால் உள்ளழுத்தம் வேறு வழி தேடி, ஸீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு எண்ணெயை வெளியே கொண்டுவருகிறது. ஸீல் குற்றவாளியல்ல, கடைசியில் விட்டுக்கொடுத்தது அது, அவ்வளவுதான். புது ஸீல் போட்டாலும் அதற்கும் இதே கதி.

1960களில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஸ்பிட்ஃபயருக்கு நெருங்கிய உறவு. ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரை உருவாக்கினார்கள். மாமாவின் ஹெரால்டுக்கு அடியில் படுத்து அந்தப் பின்னைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். யாரோ பிடுங்க மறந்துபோன ஆணி மாதிரி இருந்தது. பழைய பிரதிகளில் உபரி என்று நினைத்துச் சொற்களை நீக்கிவிடும் பதிப்பாசிரியர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். (1974ல் பர்ஸிக்கின் மோட்டார் சைக்கிள் புத்தகம் வந்தபின் ஸ்பானரைப் பிடித்தவனெல்லாம் ஞானி என்ற எண்ணம் பரவிவிட்டது. நான் அந்தக் கட்சி இல்லை.)

நான் இருக்கும் பாங்கில் மூத்தவர் ஒருவர் சொன்னார்: கம்ப்யூட்டர் வருமுன் லெட்ஜரில் பத்துப் பைசா வித்தியாசம் வந்தால் ராத்திரிவரை உட்கார்ந்து தேடுவார்களாம். சொந்தப் பையிலிருந்து போட்டுவிட்டுப் போயிருக்கலாமே சார் என்றேன். "இரண்டு பெரிய தப்பு ஒன்றையொன்று தின்றதுபோக மிச்சம் பத்துப் பைசாவாக இருக்கலாமே தம்பி" என்றார்.

பின் ஆடுகிறது, ஸீல்தான் நிஜமாகத் தேய்ந்திருக்கிறது என்றால் மாற்றத்தான் வேண்டும். ப்ரொபெல்லர் ஷாஃப்டின் நான்கு போல்ட்களைக் கழற்றி அதை ஒதுக்கியதும் எதிரே ஒரு பெரிய நட். பிந்தைய வகைகளில் இது வெறும் பிடிமானமல்ல. இதை முடுக்கும்போது உள்ளே ஒரு மெல்லிய உலோகக் குழல் நசுங்கி, இரண்டு பேரிங்குகளுக்கும் வேண்டிய இறுக்கத்தை நிர்ணயிக்கிறது. நசுங்கியது திரும்ப நீளாது. எனவே கழற்றுமுன் நட்டிலும் ஷாஃப்ட் முனையிலும் புள்ளி குத்தி, வெளியே தெரியும் மரைகளை எண்ணி வைத்துக்கொண்டு, திரும்ப மாட்டும்போது புள்ளிக்குப் புள்ளி அதே இடத்தில் நிறுத்த வேண்டும். "எதற்கும் இன்னொரு கால் சுற்று" என்கிறவன் பேரிங்குகளைக் கெடுத்துவிடுகிறான். சொட்டு நின்றிருக்கும், கொஞ்ச நாளில் ஊளைச் சத்தம் கேட்கும்.

அந்தப் புள்ளி, அரை நூற்றாண்டுக்கு முன் பெயர் தெரியாத ஒரு தொழிலாளி அளந்து நிறுத்திய இடம். ரிப்பேர் செய்கிறவனின் கை அவனுடைய கைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது. தனிமனித சுதந்திரம் பற்றி நம் வட்டத்தில் நிறைய எழுதியாகிவிட்டது, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் இந்தக் கட்டுப்பாட்டை அடிமைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தபின்னும் ஒரு சொட்டு வரலாம். இத்தனை வருஷம் சுழன்ற எஃகில், அந்த மெத்தென்ற ரப்பர் உதடு, இடையில் சிக்கிய தூசியின் துணையோடு ஒரு பள்ளம் போட்டிருக்கும். புது ஸீலைச் சற்று முன்னே தள்ளி அடித்து, உதட்டைப் பள்ளம் விழாத இடத்தில் உட்காரவைப்பது உண்டு. அதற்கும் கசிந்தால், மாதம் ஒருமுறை எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ராத்திரியில் அடியில் ஓர் அட்டையைப் போட்டு, வட்டம் பெரிதாகிறதா என்று காலையில் கவனிக்கலாம். சைக்கிள்காரனுக்கு இது முழுப் பதில் ஆகாது என்பது எனக்குத் தெரிகிறது.