கீலில் தங்கும் துகள்

நற்கருணைச் சிமிழில் கண்ணுக்குத் தப்பும் இடம் ஒன்று உண்டு. மூடியும் அடியும் சேரும் கீல். அப்பத் துகள் அங்கேதான் போய் ஒதுங்கும். சிமிழைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரியும்: வெள்ளையாக, ரவையில் பாதி இருக்கும். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோக உதவும், பிக்ஸ் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சிமிழ் உள்ளங்கையில் அடங்குகிற வட்டமான பித்தளைப் பெட்டி. உள்ளே பொன்முலாம். மூடியில் சிலுவையோ, அப்பமும் மீனுமோ பொறித்திருக்கும்.

அந்தத் துகளுக்கு ஏன் இத்தனை கவனம்? 1551-இல் திரெந்துப் பொதுச்சங்கம் சொன்னதுதான் காரணம். அப்பத்தைப் பிட்டால் ஒவ்வொரு பகுதியிலும் கிறிஸ்து முழுமையாகவே இருக்கிறார். பாதி அப்பத்தில் பாதிக் கிறிஸ்து என்ற கணக்கு கிடையாது. இதை நம்புகிறவருக்குக் கீலைப் பார்க்காமல் மூடியைச் சாத்த மனம் வராது. நம்பாதவருக்கு இது வீண் வேலையாகத் தெரியும். அதில் எனக்கு வருத்தமில்லை.

*

திருத்தலக் கடைகளில் விற்கும் வேலைப்பாடு மிகுந்த சிமிழ்கள் எனக்குப் பிடிப்பதில்லை. உள்விளிம்பில் திராட்சைக்கொடி, ஓரங்களில் மணிமணியாகப் பூ. ஒவ்வொரு பள்ளமும் துகளுக்கு ஓர் ஒளிவிடம். பரிசளிக்கிற அன்பு புரிகிறது. ஆனால் உள்பக்கம் வழவழப்பாக, அடி மூலை வளைந்து, மூடி இறுக்கமாக உட்காரும் சாதாரணச் சிமிழே நல்ல சிமிழ். திருச்சபை கேட்பதும் அலங்காரத்தை அல்ல, தகுதியான உலோகத்தை. துருப்பிடிக்கும் உலோகமோ தங்கத்தைவிடத் தாழ்ந்த உலோகமோ என்றால் உள்ளே பொன்முலாம் பூச வேண்டும் என்பது பொது விதி. கண்ணாடியும் மண்ணும் எளிதில் உடையும் எந்தப் பொருளும் கூடாது என்று ரோமை 2004-இல் மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னது.

பித்தளை என்றதும் நம் வீட்டுக் கை புளியைத் தேடும். பீதாம்பரியைத் தேடும். இரண்டும் வேண்டாம். பல்பொடியும் வேண்டாம். முலாம் மிக மெல்லியது. தேய்க்கத் தேய்க்கப் பொன் போய்ப் பித்தளை பல்லிளிக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, பழைய பருத்தித் துணி போதும். அழுத்தாமல் துடைத்து, மூடியைத் திறந்தபடி காயவிட வேண்டும். கீலில் ஈரம் நின்றால் பச்சை பூக்கும்.

ஆனால் சோப்பு இரண்டாவது வேலை. முதல் வேலை தூய்மைச் சடங்கு. சிமிழில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, விரலால் சுற்றி, கீலையும் தடவி, அந்தத் தண்ணீரைக் குடித்துவிட வேண்டும். பூசையில் இதைச் செய்வது குருவோ, திருத்தொண்டரோ, முறைப்படி நியமிக்கப்பட்ட பீடத்துணைவரோதான். நோயாளியின் வீட்டில் நற்கருணை கொடுத்து முடித்தபின் அங்கே என்னைப் போன்ற நற்கருணைப் பணியாளரே செய்ய இடமுண்டு. சந்தேகம் இருந்தால் சிமிழை அப்படியே கோயிலுக்குக் கொண்டுவந்து சாமியாரிடம் கொடுத்துவிடுவது நல்லது.

சிமிழுக்கு அடியில் விரிக்கும் திருமேனித் துகிலுக்கும் இதே வரிசைதான். முதலில் வெறும் தண்ணீரில் அலசல், பிறகு சலவை. அலசிய தண்ணீர் சாக்கடைக்குப் போகக் கூடாது என்பதற்காகவே பூசை உடைகள் வைக்கும் உள்ளறையில் ஒரு தனித் தொட்டி இருக்கும். அதன் குழாய் நேராக மண்ணுக்குள் இறங்கும். எங்கள் கோயிலைப் புதுப்பித்தபோது பிளம்பர் தம்பி அதையும் கழிவுநீர்க் குழாயோடு சேர்க்கப் பார்த்தார். “தம்பி, அது மண்ணுக்குப் போற தண்ணி. அதைத் தொடாதீங்க” என்று கோயில் வேலைகளைப் பார்க்கும் கோவில்பிள்ளை ஓடிவந்து தடுத்தார். அந்தத் தம்பி கத்தோலிக்கர் இல்லை. கேள்வி கேட்காமல் குழாயைத் திருப்பினார். மண்ணுக்கும் சாக்கடைக்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு விளக்காமலே புரிந்தது.

*

வழி பற்றி.

கோயிலிலிருந்து நோயாளி வீட்டுக்கு நேராகப் போக வேண்டும், நடுவில் வேறு அலுவல் கூடாது என்பது ரோமையின் அதே 2004 அறிவுரையில் இருக்கிறது. காகிதத்தில் இது எளிது. தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர் நம்மை நிறுத்துவார். “டீச்சர், மகளுக்கு வரன் ஏதும் அமைஞ்சுதா?” பதில் சொல்லாமல் போனால் தலைக்கனம் என்பார். நெஞ்சில் கை வைத்துத் தலையை மட்டும் அசைப்பேன். விஷயம் தெரிந்தவர் விலகிவிடுவார். முருங்கைக்காய் மலிவாகக் கிடந்தாலும் திரும்பி வரும்போதுதான்.

சிமிழைக் கைப்பையில் போடக் கூடாது. சாவி, கைபேசி, சில்லறை, மாத்திரை அட்டை எல்லாம் கிடக்கும் இடம் அது. நாடா வைத்துத் தைத்த சின்னத் துணிப்பையில் இட்டுக் கழுத்தில் மாட்டி, சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொள்வேன். உடம்புச் சூடு லேசாக ஏறும். ஐப்பசி மழையில் இது நல்லது, அப்பம் பதத்துப்போகாது.

ஒரு காலத்தில் சாமியார் சாகக் கிடப்பவருக்கு அவஸ்தை எனும் கடைசித் திருவருட்சாதனம் கொடுக்கப் போகும்போது முன்னால் விளக்கும் மணியும் போகும். மணி கேட்டதும் தெருவில் இருப்பவர்கள் முழங்காலில் விழுவார்கள். இப்போது என்ன போகிறது என்று பக்கத்து வீட்டுக்கும் தெரியாது. எனக்கு இந்த மறைவு பிடித்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் புனித ஜஸ்டின் எழுதியதும் இப்படித்தான்: வழிபாட்டுக்கு வர முடியாதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மணியும் விளக்கும் அதில் இல்லை.

பூசைப்பையன்களின் பாதுகாவலர் தார்சிசியுசும் மறைவாகக் கொண்டுபோனவர்தான். வழிமறித்த கூட்டத்திடம் கொடுக்காமல் அடிபட்டுச் செத்தார். நான்காம் நூற்றாண்டில் திருத்தந்தை தமாசுஸ் அவர் கல்லறைக்கு எழுதிய பாடலில் அவர் சிறுவன் என்று எங்கும் இல்லை. முதல் மறைசாட்சி ஸ்தேவானோடு அவரை ஒப்பிடுவதால் திருத்தொண்டராக இருந்திருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். படங்களில் மட்டும் அவர் எப்போதும் பையன்.

*

வீட்டுக்குள் போனதும் தேடுவது ஒரு மேசையை. நோயாளி பக்கத்து மேசையில் எது இருக்காது? மாத்திரைப் பெட்டி, பிளாஸ்க், பிரஷர் பார்க்கும் கருவி, பாதி தின்ற பிஸ்கட். எல்லாவற்றையும் ஓர் ஓரமாக ஒதுக்கி, திருமேனித் துகிலை விரித்து, அதன் நடுவில் சிமிழை வைக்க வேண்டும். மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் தீக்குச்சியே கூடாது. குடும்பத்தார் சங்கடப்படுவார்கள். வர்த்தி இல்லாவிட்டால் சடங்கில் ஒன்றும் குறையாது என்று எடுத்துச் சொல்ல வேண்டும்.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒரு பாட்டி. தலையணையை உயர்த்தி உட்காரவைத்ததும் மருமகள் சொன்னாள்: “முழுசா குடுத்தா தொண்டையில நின்னுடும், டீச்சர்.” முதலில் ஒரு கரண்டித் தண்ணீர். பிறகு சிமிழுக்கு நேர் மேலே கையை வைத்து அப்பத்தில் கால்பங்கு பிட்டேன். கட்டிலுக்கு மேலே பிட்டால் துகள் போர்வை நூலில் போய்விடும். “கிறிஸ்துவின் திருவுடல்.” பாட்டியின் உதடு இடப்பக்கம் மட்டும் அசைந்தது. மறுபடி தண்ணீர். கன்னத்துக்குள் ஒதுங்கியிருக்கிறதா என்று மருமகளே பார்த்தாள். மிச்சம் முக்கால் பங்கை நான் உட்கொண்டேன்.

சிலர் துப்பிவிடுவார்கள். மறதி நோய் உள்ளவருக்கு வாயில் வந்தது என்னவென்றே தெரியாது. திட்டவும் கூடாது, பதறவும் கூடாது. ஒரு டம்ளர் தண்ணீரில் இட்டு முழுதும் கரையவிட்டு, கோயில் உள்ளறையின் அந்தத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். திட உணவே இறங்காதவருக்குத் திராட்சை இரச வடிவில் மட்டும் கொடுக்கவும் சடங்குநூல் இடம் தருகிறது. அதற்குச் சிந்தாத மூடியுள்ள கலம் தேவை. சாமியாரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கதவு பூட்டியிருக்கும் நாளும் உண்டு. “ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்களே” என்பார் எதிர்வீட்டுக்காரர். அப்போது சிமிழோடு நேரே கோயிலுக்குத் திரும்பி நற்கருணைப் பேழையில் சேர்க்க வேண்டும். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று நம் வீட்டு மாடத்தில் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை.

*

இத்தனை கட்டுப்பாடும் சிமிழுக்குத்தான். நோயாளி பக்கம் திரும்பினால் அதே திருச்சபை விதியைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறது. நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பது எல்லாருக்கும் உள்ள ஒழுங்கு. 1973 ஜனவரியில் நோயாளிகளுக்கு அது கால் மணி நேரமானது. 1983 திருச்சபைச் சட்டத்தில் அதுவும் போய்விட்டது. முதியவரும் நோயாளியும் சாப்பிட்டிருந்தாலும் வாங்கலாம். அவர்களைப் பராமரிக்கிறவர்களும் வாங்கலாம் என்று அதே வரியில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசிப் பகுதி பலருக்குத் தெரியாது. அந்த மருமகள் முந்தானையில் கையைத் துடைத்தபடி கதவருகே நின்றாள். “எனக்கு வேண்டாம் டீச்சர், இப்பத்தான் இட்லி சாப்பிட்டேன்.” ஞாயிற்றுப் பூசைக்கு அவள் வந்து வெகுநாளாயிற்று. பாட்டியை விட்டுவிட்டு எப்படி வருவாள்? அதனால் இப்போதெல்லாம் நோயாளிகளை மட்டும் எண்ணிச் சிமிழில் அப்பம் வைப்பதில்லை. பார்த்துக்கொள்கிறவர்களையும் சேர்த்தே எண்ணுகிறேன்.

உங்கள் வீட்டில் கோயிலுக்கு வர முடியாதவர் யாராவது இருந்தால் பங்கு அலுவலகத்திலோ அன்பியத்திலோ பெயரைச் சொல்லிவையுங்கள். நாங்கள் வரும்போது ஒரு சின்ன மேசை, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி போதும். டிவியை அணைத்துவிடுங்கள். காப்பி போட வேண்டாம். பார்த்துக்கொள்கிறவரும் பக்கத்தில் வந்து உட்காரட்டும், காலையில் சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை.