சோறும் சொல்லும்

பொழுது புலருமுன்னரே தண்டலத்தில் நெடுஞ்சாலை விழித்துக்கொள்கிறது. இருங்காட்டுக்கோட்டை நோக்கியும், திருப்பெரும்புதூர் நோக்கியும், ஒரகடம் நோக்கியும் ஆலைப் பேருந்துகள் அணியணியாய் விரைகின்றன. சன்னலோரம் தலைசாய்த்து உறங்கும் நங்கையர். இரவு முறை முடித்துச் சிவந்த கண்களுடன் திரும்பும் இளைஞர். திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவள் ஒருத்தி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் பலர். இவர்கள் கார் செய்கிறார்கள், கைப்பேசி செய்கிறார்கள். இவர்கள் கைபட்ட பொருள் ஒவ்வொன்றும் ஆலையை விட்டு வெளியேறுமுன் சோதிக்கப்படுகிறது. சிறு கீறல் இருந்தாலும் ஒதுக்கப்படுகிறது. நன்று! ஆனால், அப்பொருளைச் செய்த கைகள் பிசைந்துண்ணும் சோற்றைச் சோதிப்பவர் யார்?

இது வயிற்றைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. அறத்தைப் பற்றிய கேள்வி. உண்பவனுக்குச் சோறு கிடைத்தால் போதுமா? அந்தச் சோற்றைப் பற்றிக் கேட்கின்ற சொல்லும் அவனுக்கு வேண்டுமா? சோறு போதும் என்பது ஈகையின் நெறி. சொல்லும் வேண்டும் என்பது உரிமையின் நெறி. இவ்விரண்டில் நாம் எந்தப் பக்கம் என்பதை இளைஞர்கள் தெளிந்து கொள்ளுதல் நலம்.

2021ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நடந்ததை நினைவுகூர்வோம். சுங்குவார்சத்திரத்தில் உள்ள பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த, பூவிருந்தவல்லி அருகிலுள்ள விடுதி ஒன்றில், உணவு நஞ்சாயிற்று. 250க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆய்வுக்குச் சென்ற அலுவலர்கள் சமையற்கூடத்தில் எலிகளையும் சீர்கெட்ட வடிகாலையும் கண்டு அதை மூடினர். தோழியர் சிலர் இறந்தே போயினர் என்ற வதந்தி விடுதிக்கு விடுதி பரவியது. உண்மையில் எவரும் இறக்கவில்லை. ஆயினும் அந்த வதந்தியை ஆயிரக்கணக்கானோர் நம்பினர். ஏன் நம்பினர்? கேட்டால் விடை சொல்ல ஓர் இடம் இல்லை. ஓர் ஆள் இல்லை. விடை கிடைக்காத இடத்தில் வதந்தி வளர்வது இயற்கை. டிசம்பர் 17ஆம் நாள் இரவு அப்பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். ஆலை மூடப்பட்டது, 2022 சனவரி 12ஆம் நாள்தான் மீண்டும் திறந்தது.

அவர்கள் கையேந்தவில்லை, தோழர்களே! "எங்களுக்குச் சோறு இடுங்கள்" என்று கெஞ்சவில்லை. உழைத்து ஊதியம் பெறுகின்றவர்கள். அவர்கள் கேட்டது விளக்கம். கேட்பதற்கு மன்றம் இல்லாததால் சாலையை மன்றமாக்கினர். இது அவர்கள் குற்றமா? மன்றம் அமைக்காதவர் குற்றமா?

ஈகை என்ற சொல் இந்நாட்டில் பெரிதும் போற்றப்பட்ட சொல். அள்ள அள்ளக் குறையாத கலத்தைப் பற்றிக் காப்பியமே இருக்கிறது. பசித்தவனுக்குச் சோறிட்ட எவரையும் நாம் பழிக்கவில்லை. ஆனால் அன்னதானத்தின் உள்ளமைப்பைப் பகுத்தறிவோடு நோக்குங்கள். புண்ணியம் யாருக்கு? கொடுப்பவனுக்கு. பெறுபவன் யார்? அப்புண்ணியத்தை ஈட்டிக்கொள்ள உதவும் கருவி! கருவி கேள்வி கேட்குமா? பந்தியில் அமர்ந்தவன் "அரிசியில் கல் இருக்கிறது" என்று சொன்னால் நன்றிகெட்டவன் என்ற பழி அவனைச் சேரும். சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி வைத்த காலத்தில், "எனக்கு ஏன் வெளித்திண்ணை?" என்று அவன் கேட்டிருப்பானாயின் அடுத்த வேளைச் சோறு கிடைத்திராது. வாயை அடைத்துக்கொண்டு வயிற்றை நிரப்பு என்பதே தானத்தின் எழுதாத விதி.

அவ்விதியை உடைத்தது நம் இயக்கம். இரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்க்கு ஓரிடம், மற்றவர்க்கு வேறிடம் என்றிருந்த இழிவு, பெரியாரும் நீதிக்கட்சியும் தொடர்ந்து எதிர்த்ததன் பயனாக 1941இல் ஒழிந்தது. திருவல்லிக்கேணி உணவு விடுதியொன்றின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றுவதற்காக 1957இல் தோழர்கள் மறியல் செய்து சிறை சென்றனர். அவர்களெல்லாம் இட்டிலி கிடைக்காமலா போராடினர்? இல்லை. உண்ணும் இடத்தில் மனிதன் மனிதனாக அமர வேண்டும் என்பதற்காகவே போராடினர்.

உரிமையின் நெறியை ஆட்சியில் முதலில் காட்டியதும் ஓர் உள்ளாட்சி மன்றமே என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும். 1920ஆம் ஆண்டு, சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த தன் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சிற்றுண்டிக்குச் செலவிடலாகாது என்று வெள்ளையர் ஆட்சி தடை சொல்ல, 1925இல் அது நின்றது. "கல்விப் பணத்தில் சோறா?" என்று கேட்டது கணக்குப் புத்தகம். "பசித்த பிள்ளைக்கு எழுத்து ஏறுமா?" என்று கேட்டது மன்றம். வரலாறு மன்றத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. 1956இல் காமராசர் ஆட்சி மதிய உணவைப் பரப்பியது, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி அதைச் சத்துணவாக விரித்தது. 1989இல் கலைஞர் ஆட்சி முட்டை சேர்த்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு, அடுத்த ஆண்டே 31,008 பள்ளிகளை எட்டியது. 2013இல் சென்னை மாநகராட்சி ஒரு ரூபாய்க்கு இட்டிலி விற்கும் உணவகங்களைத் திறந்தது. தொடங்கியவர் எந்தக் கட்சியினர் என்பதன்று நம் கேள்வி. வரிப் பணம் சோறானபோது அது தானம் என்ற பெயரை இழந்தது; பெற்றோர் "பருப்பு குறைகிறதே" என்று கேட்கலாம் என்ற நிலை பிறந்தது. அதுவே வெற்றி.

கடல் கடந்தும் இதே பாடம்தான். பிரேசில் நாட்டின் பெலோ ஒரிசான்டே நகரில், 1993இல் மேயர் பாட்ருஸ் அனனியாஸ், உணவு குடிமகனின் உரிமை என்று சொல்லி, நகராட்சியிலேயே அதற்கெனத் தனித்துறை அமைத்தார். மக்கள் உணவகங்கள் எழுந்தன. நகராட்சியின் இடத்தில் கடை வைப்பவர் குறித்த விலையில் காய்கறி விற்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அந்நாடு 2009இல் இயற்றிய பள்ளி உணவுச் சட்டம், நடுவண் அரசு தரும் உணவு நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குச் சிறு உழவர் குடும்பங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று விதித்தது. உண்பவன் நலமும், விளைவிப்பவன் வாழ்வும், விளையும் மண்ணின் காவலும் ஒரே கணக்கில் எழுதப்பட்டன.

இனித் தண்டலத்துக்குத் திரும்புவோம். ஊராட்சி மன்றத்துக்குத் தெருவிளக்கும் சாக்கடையும் தவிர வேறென்ன வேலை என்று சிலர் கேட்பர். 1993இல் நடப்புக்கு வந்த அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் ஊராட்சிகளுக்கு உரியனவாக 29 பொருள்களை 11ஆவது அட்டவணையில் வைத்தது. உழவு, சிறுபாசனம், கால்நடை, மீன்வளம், குடிநீர், சந்தை, மகளிர் குழந்தை நலம், பொது வழங்கல் எல்லாம் அதில் உள்ளன. வயலிலிருந்து வாய்வரை ஒரு கவளம் நடக்கும் வழி முழுவதும் அப்பட்டியலில் இருக்கிறது! ஆனால் பட்டியலில் இருப்பதெல்லாம் கையில் இல்லை. எதை, எவ்வளவு ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் முடிவு. உணவுக் கலப்படத்தைக் கண்டறியும் பொறுப்பு முன்னர் நகர மன்றங்களின் ஆய்வாளரிடமும் இருந்தது; 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011இல் நடப்புக்கு வந்தபின் மாநிலத் துறையின் கைக்குச் சென்றது.

இங்கே நம் நெஞ்சையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மாநில உரிமைக்காக 1969இல் இராசமன்னார் குழுவை அமைத்தவர்கள் நாம். 1974இல் சட்டமன்றத்தில் மாநிலத் தன்னாட்சித் தீர்மானம் நிறைவேற்றியவர்கள் நாம். டில்லியிடம் நாம் கேட்பதையே நாளை தண்டலம் நம்மிடம் கேட்டால், என்ன விடை சொல்வோம்? மேலே கேட்கும்போது உரிமை. கீழே கொடுக்கும்போது மட்டும் சலுகையா?

சட்டம் கைவிட்ட இடம் எது என்பதையும் காண்போம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 250க்கு மேற்பட்டோர் உழைக்கும் ஆலைகளில் உணவுக்கூடம் அமைக்கவும், அதன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்க்கு இடமளிக்கவும் வழி செய்தது. உண்பவனுக்குச் சொல் வேண்டும் என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டது! 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் உணவுக்கூடத்துக்கான அவ்வரம்பை 100 ஆக்கியது. ஆனால் இந்த உரிமை ஆலை வாயிலோடு நின்றுவிடுகிறது. வாயிலுக்கு வெளியே, பேருந்து சென்று சேரும் விடுதியில், ஒப்பந்தக்காரர் வடித்ததே சோறு. அவர் வைத்ததே குழம்பு. 2020 அக்டோபர் முதல் வெளிமாநிலத்தார் தம் குடும்ப அட்டையைக் காட்டி இங்கே அரிசி பெறலாம். அடுப்பு மூட்ட இடமில்லாத விடுதிக்காரனுக்கு அந்த அரிசியால் என்ன பயன்? வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கும் பெருவிடுதியை அரசு கட்டி 2024 ஆகசுட்டில் திறந்தது, பாராட்டுக்குரிய பணி. கட்டடம் எழுந்தது, கேட்கும் மன்றமும் ஒவ்வொரு விடுதியிலும் எழ வேண்டும்.

விடுதிகள் நிற்பது ஊராட்சிகளின் மண்ணில். கட்டடத்துக்கு வீட்டு வரி பெறுவது ஊராட்சி. அதோடு நிற்கவில்லை. அரையாண்டில் 21,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் தொழிலாளியிடமிருந்து தொழில் வரியும் உள்ளாட்சியின் பெட்டிக்கே செல்கிறது. ஒடிசாக்காரனின் பணத்துக்கு இவ்வூர்ப் பெட்டியில் இடம் உண்டு. அவன் சொல்லுக்கு இவ்வூர் மன்றத்தில் இடம் இல்லை! கிராம சபையின் உறுப்பினர் ஆவதற்கு அவ்வூர் வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். அவனுக்கு அது இல்லை.

"வடக்கத்தியானுக்கு நம் ஊராட்சி ஏன் கவலைப்பட வேண்டும்?" என்பவர் உண்டு. நம் தோழர்களிலும் உண்டு என்பதை மறைப்பானேன்? இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. இந்தி பேசும் ஏழையை வெறுப்பது வேறு. முன்னது தன்மானம், பின்னது மடமை. இலங்கைத் தேயிலை மலைகளில் நம் தமிழர் பட்டதை எண்ணுங்கள். 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. குடியுரிமை மீண்ட பின்னரும், 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அவர்கள் உழைப்பு அந்நாட்டுக்கு வேண்டும். அவர்கள் தெருவுக்கு விளக்கு வேண்டாம்! அக்கொடுமையை எண்ணிக் கொதித்த நாம், அதே கொடுமையைச் சிறிய அளவில் தண்டலத்தில் செய்யலாமா? உணவு விடுதியின் பலகையில் இருந்த சொல்லை அழித்த நாம், உள்ளத்தில் அதே பலகையை மாட்டிக்கொள்ளலாமா?

பணம் இல்லை, அதிகாரம் இல்லை என்பார்க்கும் விடை உண்டு. பெரும் பணம் வேண்டாத பணிகள் மூன்று. முதலாவது, தன் எல்லையில் எத்தனை விடுதிகள், எத்தனை அடுப்புகள், எந்த நீர் என்பதை ஊராட்சி எழுதி வைப்பது. பழுது கண்டால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுத்தால் அறிவித்து, விடை வரும்வரை விடாதிருப்பது. இரண்டாவது, சுற்றுப்புறத்து உழவரையும் மகளிர் குழுக்களையும் விடுதிச் சமையற்கூடங்களோடு இணைப்பது. 1999இல் தொடங்கிய உழவர் சந்தை, தரகரின்றி விற்க முடியும் என்று காட்டியது. ஏரிகளால் பெயர்பெற்ற மாவட்டம் இது. ஏரி தூர்ந்து, வயல் மனையாகி, கீரையும் தொலைவிலிருந்து லாரியில் வரும் நாள் வருமாயின், விலை நம் கையில் இராது, நலமும் இராது. மூன்றாவது, கிராம சபை கூடும் நாள்களில் விடுதிவாழ் தொழிலாளரையும் அழைத்து அவர் குறையைக் கேட்பது. தீர்மானத்துக்குக் கை உயர்த்தச் சட்டம் இடம் தராதிருக்கலாம். காது கொடுக்க வேண்டியவர் நாமல்லவா?

மூன்றில் மூன்றாவதே முதன்மையானது. எலி ஓடும் சமையற்கூடத்தை ஆய்வாளர் என்றோ ஒருநாள் காண்பார். உண்பவள் நாள்தோறும் காண்கிறாள். அவள் சொல்லுக்கு மதிப்பிருந்திருக்குமாயின், 159 பேர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்திராது என்றே நாம் கருதுகிறோம்.

எனவே இளைஞர்களே, உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை என்று கூடுகிறது என்று கேட்டறியுங்கள். தனியே செல்லாதீர்கள். விடுதியில் தங்கியிருக்கும் தொழிலாளி ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர் மொழி மன்றத்துக்குப் புரியாவிட்டால் நீங்கள் தமிழில் எடுத்துரையுங்கள். அவர் கேட்கட்டும்: "நான் உண்ணும் சோற்றுக்கு யார் பொறுப்பு?" அக்கேள்விக்கு விடை சொல்லும் கடமை ஊராட்சிக்கு உண்டு. அங்கே விடை கிடைக்குமாயின், நெடுஞ்சாலையில் அமர வேண்டிய தேவை எந்தத் தங்கைக்கும் வராது.