அகராதித் தேடலும் பொருள்கோடல் அறமும்: நீலசந்திரா என்னும் ஊர்ப்பெயரை முன்வைத்து

சொல்லொன்றை அகராதியில் தேடுதல் அறிவுச் செயலாக மட்டுமே கருதப்பட்டு வருகின்றது. தேடுவோன் ஒரு சொல்லைக் கொண்டு செல்கின்றான். பொருளைப் பெற்று மீள்கின்றான். ஆயின் அவன் கொண்டு சென்றது எந்தச் சொல் என்பதனை அகராதி கேட்பதில்லை. அதனைத் துணியும் பொறுப்பு தேடுவோனையே சாரும். அப்பொறுப்பு அறிவின்பாற்பட்டதா, அறத்தின்பாற்பட்டதா என்னும் வினா ஈண்டு ஆராயப்படுகின்றது.

இவ்வினாவைச் சீனமொழி அகராதிகள் தெளிவுறக் காட்டுகின்றன. 1716இல் நிறைவுற்ற காங்சி அகராதி 47,035 எழுத்துருக்களை 214 உறுப்பு வடிவங்களின்கீழ் வகுத்துள்ளது. அதில் ஓர் எழுத்துருவைக் காண விழைவோன் முதற்கண் அதன் தலைமை உறுப்பு யாதெனத் துணிந்து, எஞ்சிய கோடுகளை எண்ண வேண்டும். பொருளை அடையுமுன் வடிவத்தோடு பழக வேண்டும். 1997இல் தொடங்கப்பெற்றுத் தன்னார்வலர் பலரது பங்களிப்பால் வளர்ந்துள்ள சீன-ஆங்கில மின்னகராதி இவ்வுழைப்பை நீக்கிற்று. இன்று ஒலியை உரோமன் எழுத்தில் இட்டாற் போதும். ஆயின் ‘மை’ எனத் தொனிக்குறியின்றி இடுவோர்முன் ‘வாங்கு’, ‘வில்’ என்னும் பொருளுடைய இரு சொற்களும் ஒருங்கே வந்து நிற்கும். மூன்றாம் தொனியில் ஒலிப்பின் வாங்குதல். நான்காம் தொனியில் ஒலிப்பின் விற்றல். வணிகர்க்கு இது சிறு வேறுபாடன்று.

ஊர்ப்பெயர், இனப்பெயர் ஆகியவற்றில் இடர்ப்பாடு மேலும் மிகுகின்றது. ‘தமிழ்’ என்பதனைச் சீனர் ‘தை-மி-அர்’ என மூன்று எழுத்துருக்களால் எழுதுவர். அவற்றைத் தனித்தனியே தேடின் அமைதி, அரிசி, நீ என்னும் பொருள்கள் கிட்டும். மூன்றும் பிழையற்றவை, தமிழைப் பற்றி ஒன்றும் உரையாதவை. அயற்பெயரை ஒலிநோக்கி எழுதுங்கால் எழுத்துருவின் பொருள் கைவிடப்படுகின்றது. இதனை அறியாதார், அமைதியும் அரிசியும் உடையோர் எனச் சீனர் தமிழரைப் போற்றியதாக மகிழவும் கூடும்.

இத்தகைய மகிழ்ச்சிக்குத் தமிழ்வழி ஊர்ப்பெயராய்வும் விலக்கன்று. பெங்களூரில் தமிழ், கன்னடம், உருது ஆகிய மொழிகள் அருகருகே வழங்கும் நீலசந்திரா என்னும் பகுதியின் பெயரை நோக்கலாம். தமிழ் வடிவத்தைக் கொண்டு அகராதியை அணுகின் ‘நீலநிலவு’ என்னும் இனிய பொருள் எளிதிற் கிட்டும். ஆயின் கன்னட எழுத்தில் இவ்வூர்ப்பெயரின் பிற்கூறும் நிலவைக் குறிக்கும் சொல்லும் வெவ்வேறு முதலெழுத்துடையன. நிலவுக்குரியது ‘பச்சை’ என்பதில் ஒலிக்கும் சகரம். ஊர்ப்பெயருக்குரியது ‘பசை’ என்பதில் ஒலிக்கும் சகரம். தமிழெழுத்து இரண்டையும் ஒன்றாக்கி, மெய்ம்மயக்கத்தின் நடுவே இகரத்தையும் நுழைத்து, அயற்சொல்லைத் தனக்குப் பழகிய சொல்லாக்கி விடுகின்றது. பொம்மசந்திரா, சிங்கசந்திரா ஆகிய பெயர்களிலும் வரும் இப்பிற்கூறு ‘சமுத்திரம்’ என்பதன் திரிபு எனவும், ஏரியைக் குறித்தது எனவும் கொள்வர். ஏரியைக் கடலெனப் பெயரிடும் வழக்கம் அந்நகரில் உண்டு என்பதற்குக் கெம்பாம்புதி ஏரி சான்று. ‘அம்புதி’ என்பதும் கடலே.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. நிலவெனக் கொண்ட பிழை இவ்வூரைத் தமிழோடு நெருக்குவது போலத் தோன்றினும், உண்மையில் அதனை விலக்குகின்றது. சரியான சொல்லைக் கண்டபின்னரே நீலசந்திரா அம்பாசமுத்திரம், கோபாலசமுத்திரம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்களோடு ஒரே வரிசையில் வந்து அமர்கின்றது.

தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என வகுத்தமை இவ்விடத்து நினைக்கத்தக்கது. எப்பொருட்டு என்பதனினும் எவ்விடத்து என்னும் வினா அவ்வகைப்பாட்டில் முற்பட்டு நிற்கின்றது. பிறர் சொல்லைத் தம் சொல்லாகக் கொண்டு பொருளுரைத்தல், உரையாடலில் பிறர் கூறாததனைக் கூறியதாகக் கொள்வதற்கு நிகர். 1991ஆம் ஆண்டுக் காவிரிக் கலவரத்தில் தமிழர் துன்புற்ற நகரில், ஓர் ஊர்ப்பெயரை எம்மொழிக்குரியது என முடிவு செய்தல் வெறுஞ் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடாது. பிழைபட்ட உரிமை கோரிக்கை எதிர்க் கோரிக்கையைப் பிறப்பிக்கும். அதன் சுமையை ஏற்போர் கட்டுரை எழுதியோர் அல்லர், அங்கு வாழ்வோரே.

அங்ஙனமாயின், அப்பெயரை நாள்தோறும் வழங்கும் தமிழரும் பிழைபட்டோர் ஆவரோ எனின், ஆகார். நன்னூல் கூறும் இடுகுறி, காரணம் என்னும் பாகுபாடு இதற்கு விடை தருகின்றது. பேருந்து நடத்துநரிடம் ‘நீலசந்திரா’ எனக் கேட்டுச் சீட்டுப் பெறுவோர்க்கு அஃது இடுகுறிப் பெயராகவே நிற்கின்றது. நிலவும் அவர்க்கு வேண்டா, ஏரியும் வேண்டா. காரணப்பெயர் எனக் கொண்டு காரணம் உரைக்கப் புகுவோனே அச்சொல் எந்த மொழியின் வாயிலிருந்து புறப்பட்டது என்பதனைக் கேட்டறியும் கடப்பாடு உடையவன் ஆகின்றான்.