யார் எழுதிக் கொடுத்த ஓலை

1987-ஆம் ஆண்டு உலக டேபிள் டென்னிஸ் போட்டி டில்லியில் நடந்தது. பெண்கள் ஒற்றையர் அரையிறுதியில் மோதிய இருவருமே சீனர்கள்: ஹே ஜிலி, குவான் ஜியான்ஹுவா. இறுதியாட்டத்தில் தென்கொரியாவின் யாங் யங்ஜாவைச் சமாளிக்க குவான்தான் சரியான ஆள் என்று சீன அணியின் பொறுப்பாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஹே ஜிலியிடம், நீ தோற்றுவிடு என்றார்கள். மேஜைக்குப் போனவர் தோற்கவில்லை. குவானை வென்றார், அடுத்து யாங்கையும் வென்று உலக சாம்பியன் ஆனார். மறு ஆண்டு சியோல் ஒலிம்பிக்குக்குப் போன சீன அணியில் அந்த உலக சாம்பியனுக்கு இடம் இல்லை.

பிறகு அவர் ஒரு ஜப்பானியரை மணந்துகொண்டு அந்த நாட்டுக்கே போனார். 1994-இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கொயாமா சிரே என்ற பெயரில் ஜப்பானுக்காக ஆடி, அன்றைக்கு அசைக்க முடியாதவராக இருந்த டெங் யாபிங்கை வீழ்த்தித் தங்கம் வாங்கினார். சீனாவில் பலர் அவரைத் துரோகி என்றார்கள். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. சிறு வயதிலிருந்து சோறு போட்டு, தங்க இடம் கொடுத்து, பயிற்சியாளரை அமர்த்தி, ஊர் ஊராக அழைத்துப்போய் ஆட வைத்தது அந்த நாடு. அந்தக் கையை வளர்த்தவர்கள் அவர்கள். அப்படியானால் டில்லியில் அந்த மேஜையில் ஆடிய கை யாருடையது?

இந்தக் கேள்வியை எனக்குள் மறுபடி கிளப்பியது என் தங்கை. விழுப்புரத்தில் இருக்கிறாள், அவளுடைய மகளுக்கு எட்டு வயது. பள்ளியில் டி.டி. மேஜை போட்டிருக்கிறார்கள். சின்னவளின் கையைப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர், இவளை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். "அண்ணா, மெட்ராஸ்ல ஒரு அகாடமியில சேத்துடலாமான்னு பாக்குறோம். அங்கயே ஸ்கூலு, அங்கயே ஹாஸ்டலு. இப்ப விட்டா அப்புறம் வராதாமே?" என்று போனில் கேட்டாள்.

வராதுதான். அதை மறைத்துப் பேசி என்ன பயன்? இரண்டே முக்கால் மீட்டர் நீள மேஜையில் எதிராளி அடித்த பந்து இந்தப் பக்கம் வந்து சேர அரை நொடிகூட ஆகாது. சுழல் எந்தப் பக்கம், எவ்வளவு என்று யோசித்து முடிவெடுக்க நேரமே கிடையாது. எதிராளியின் மணிக்கட்டு திரும்பும்போதே நம் கால் நகர்ந்திருக்க வேண்டும். இது அறிவால் வருவதல்ல. லட்சக்கணக்கான பந்துகளை அடித்து அடித்து உடம்பில் ஏறுவது. இருபது வயதில் ஒருவர் வழக்கறிஞர் ஆக முடிவு செய்யலாம், முப்பதில் விவசாயத்துக்குத் திரும்பலாம். டேபிள் டென்னிஸில் உச்சிக்குப் போக நினைப்பவர் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் மட்டையைப் பிடித்திருக்க வேண்டும். அந்த வயதில் எந்தக் குழந்தையும் தன் வாழ்க்கையைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. வேறு யாரோ எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இந்தக் கணக்கைச் சீனா முழுமையாகப் புரிந்துகொண்டது. 1959-இல் ரோங் குவோதுவான் டோர்ட்முண்டில் ஜெயித்தார். எந்த விளையாட்டிலும் சீனாவுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது. பள்ளி முற்றங்களில் சிமென்ட் மேஜைகள் எழும்பின. நகரத்து விளையாட்டுப் பள்ளி, அங்கிருந்து மாகாண அணி, அங்கிருந்து தேசிய அணி என்று படிப்படியாக ஒரு ஏற்பாடு உருவானது. அன்ஷான் நகரத்தில் ஐந்து வயதில் மட்டை பிடித்த மா லோங், பதின்மூன்று வயதுக்குள் வீட்டை விட்டு பெய்ஜிங் போய்விட்டார். ஆறு ஒலிம்பிக் தங்கங்கள் அவருடையவை. டெங் யாபிங்கும் ஐந்து வயதில் தொடங்கியவர்தான். உயரம் போதாது என்று மாகாண அணி ஒதுக்கியது. ஒன்றரை மீட்டர் உயரத்திலேயே நின்று நான்கு ஒலிம்பிக் தங்கங்கள் வென்றார். இருபத்து நான்கு வயதில் ஆட்டத்தை விட்டு விலகி, அதற்குப் பிறகு படிக்கப்போய் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கினார். வாழ்க்கையின் வரிசையே அவருக்கு முன்பின்னாக அமைந்துபோனது.

இந்தப் பெயர்கள் நமக்குத் தெரிகின்றன. ஐந்து வயதில் அதே வரிசையில் நின்று பதினாறு வயதில் வெளியே அனுப்பப்பட்டவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்களில் பலர் வேறு நாடுகளுக்குப் போய் அந்தந்தக் கொடியின் கீழ் ஆடுகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆடிய டேபிள் டென்னிஸ் வீரர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் சீனாவில் பிறந்தவர்கள். சீனாவுக்காக ஆடியவர்கள் ஆறு பேர். மீதிப் பேருக்கு ஆட்டத்தைத் தவிர வேறு தொழில் தெரிந்திருக்குமா என்று என்னால் யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

நான் இருப்பது திருவெண்ணெய்நல்லூர். ஒருவர் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. கிருபாபுரீஸ்வரர் கோயிலில் வழக்கு தீர்த்த மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. திருமணக் கோலத்தில் உட்கார்ந்திருந்த நம்பி ஆரூரரை, அதாவது சுந்தரரை, ஒரு கிழவர் வந்து தடுத்து, "நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது" என்று சொன்ன வழக்கு இங்கேதான் தீர்க்கப்பட்டது என்பது மரபு. கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் டேபிள் டென்னிஸை நினைத்துக்கொண்டு அதை மறுபடி வாசித்தபோது இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன்.

ஒன்று, நம்பி ஆரூரரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டது அதுதான் முதல் முறை என்றில்லை. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளையை நரசிங்க முனையரையர் பார்த்தார், பிடித்துப்போனது, பெற்றோரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அரண்மனையில் வளர்த்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அன்புதான். அகாடமிக்குப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்க வருகிறவர்களும் அன்போடுதான் வருகிறார்கள். பிள்ளையை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, சுந்தரர் அந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவரைப் பித்தன் என்று ஏசினார். வெண்ணெய்நல்லூர் அவையில் உட்கார்ந்து வாதாடினார். மூல ஓலை வந்து, பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, அவை தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டார். அப்போதும், ஏசிய அதே சொல்லை வைத்தே பாடு என்றார் கிழவராக வந்த இறைவன். அடியவராக ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் அவருக்கு மறுக்க இடம் இருந்தது, வழக்காட ஓர் அவை இருந்தது, மறுத்ததற்காகத் தண்டனை இல்லை. பெரியபுராணத்தில் சேக்கிழார் இந்த இடத்தை அவசரமாகக் கடக்கவில்லை என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹே ஜிலிக்கு அப்படி ஓர் அவை கிடைக்கவில்லை.

நம் பக்கத்திலும் ஓலை எழுதப்பட்ட பிள்ளைகள் உண்டு. சென்னையின் சரத் கமலுக்கு நான்கு வயதில் மட்டை கிடைத்தது. அப்பா சீனிவாச ராவும் சித்தப்பா முரளிதர ராவும் பயிற்சியாளர்கள். அந்த வீட்டில் பிறந்த பிள்ளை வேறென்ன செய்யும்? 2006-இல் மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். பதினாறு ஆண்டுகள் கழித்து, நாற்பது வயதில், பர்மிங்காமில் மறுபடி அதே தங்கம். பத்து முறை தேசிய சாம்பியன், ஐந்து ஒலிம்பிக். 2015-இல் தொடைத் தசையில் காயம் பட்டபோது, முப்பத்து மூன்று வயதில், அத்தோடு முடித்துக்கொண்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவருடைய ஆட்டங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அவர் தோற்ற ஒன்றை. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஜூலை, மூன்றாவது சுற்று, எதிரில் மா லோங். முதல் கேம் 7-11. இரண்டாவதை சரத் 11-8 என்று எடுத்தார். மூன்றாவது கேம்தான் உயிர். 11-13 என்று கைநழுவிப் போகும்வரை, உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் தன் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பாடுபட்டார். அதற்குப் பிறகு 4-11, 4-11. முப்பத்தொன்பது வயது உடம்பு அவ்வளவுதான் கொடுக்கும். இருவருமே சிறு பிள்ளையாக மட்டை பிடித்தவர்கள், ஒருவர் ஒரு நாட்டின் பெரிய ஏற்பாட்டுக்குள், இன்னொருவர் ஒரு குடும்பத்துக்குள். அந்த மூன்றாவது கேமில் சரத்தின் முகத்தைப் பார்த்தால் அப்பாவுக்காகவோ நாட்டுக்காகவோ ஆடுகிறவர் முகமாக எனக்குத் தெரியவில்லை. பந்துக்காக ஆடுகிற முகம் அது. எந்த வயதில் அந்த ஓலையை அவர் தானே வாங்கிப் படித்துக் கையெழுத்துப் போட்டார் என்று நமக்குத் தெரியாது. எங்கோ ஓர் இடத்தில் போட்டிருக்கிறார். 2025 மார்ச்சில், தான் வளர்ந்த சென்னையிலேயே, ஒரு சர்வதேசப் போட்டியில் இளைய இந்தியர் ஒருவரிடம் தோற்று விடைபெற்றபோது அந்த முடிவும் அவர் எடுத்ததாகவே இருந்தது.

இன்னொரு இந்திய ஆட்டக்காரரான சத்தியன் வேறு மாதிரி. பொறியியல் படித்துக்கொண்டே ஆடினார், 2019-இல் உலகத் தரவரிசையில் முதல் 25 பேருக்குள் வந்த முதல் இந்தியர் ஆனார். இரண்டையும் ஒன்றாக ஓட்ட முடியாது என்பவர்கள் இவரைக் கொஞ்சம் நினைத்துப்பார்க்க வேண்டும்.

வி. சந்திரசேகரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று முறை தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். 1984-இல் முழங்காலில் ஓர் அறுவை சிகிச்சை. அதில் நேர்ந்த கோளாறில் மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் பார்வையும் பேச்சும் நடையும் போயின. இருபதுகளில் இருந்த மனிதர். நீதிமன்றம் போய் நீண்ட காலம் போராடி இழப்பீடு பெற்றார். அதைவிடப் பெரிய போராட்டம், மெல்ல மெல்ல எழுந்து, பாதிப் பார்வையோடு மறுபடி டேபிள் டென்னிஸ் கூடத்துக்கே வந்தது. பயிற்சியாளராகி அடுத்த தலைமுறையை உருவாக்கினார். 2021-இல் கொரோனா அவரைக் கொண்டுபோனது. விளையாட்டு அவரைக் கைவிட்ட பிறகும் அவர் அதைத் தேடிப் போனார் என்பதை நினைக்கும்போது, யார் யாருக்குச் சொந்தம் என்ற கணக்கே தலைகீழாகிறது. அங்கே அவரைக் கட்டிவைக்க எந்த ஓலையும் இல்லை. பிடித்திருந்தது, போனார்.

லக்சம்பர்க்குக்காக ஆடும் நீ சியாலியானும் அப்படித்தான். ஷாங்காயில் பிறந்தவர், 1983-இல் சீனாவுக்காக உலகப் பட்டம் வென்றவர், பிறகு ஐரோப்பா போய்விட்டார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அறுபத்தொரு வயதில் முதல் சுற்றை ஜெயித்தார். அடுத்த சுற்றில் சீனாவின் சுன் யிங்ஷாவிடம் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார். அந்த வயதில் ஆடு என்று அவரைக் கட்டாயப்படுத்த உலகத்தில் யாரும் கிடையாது.

போன மாதம் விழுப்புரம் போய் மருமகளின் பயிற்சியைப் பார்த்தேன். பயிற்சியாளர் ஒரு பிளாஸ்டிக் பேசின் நிறையப் பந்துகளை வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார், வலது, இடது, வலது, வலது. மேஜை அவள் மார்புக்குக் கொஞ்சம் கீழே. ரப்பர் ஷூ தரையில் கீச்சிடுகிறது. பந்தைத் தவறவிடும்போதெல்லாம் அவள் பயிற்சியாளரைப் பார்க்கவில்லை, சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு பேசின் காலியானது, பெரியவர்கள் கட்டணம் பற்றிப் பேச வெளியே போனார்கள். சிதறிக் கிடந்த பந்துகளைப் பொறுக்கச் சொல்லியிருந்தார்கள். நாலைந்து பொறுக்கியவள், ஒன்றை உள்ளங்கையில் வைத்து மேலே போட்டு சர்வீஸ் போட ஆரம்பித்தாள். வலையில் மாட்டியது. மறுபடி. மட்டையைச் சாய்த்து வேறு மாதிரி. நான் கதவருகில் நிற்பது அவளுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுக்காத எதையோ அவளாகவே தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு பந்து அந்தப் பக்கம் விழுந்து சட்டென்று பக்கவாட்டில் திரும்பியது. "ஐ!" என்றாள், தனக்குத் தானே.

அந்த "ஐ!"க்காக எவ்வளவு செலவு வேண்டுமானாலும் செய்யலாம் என்பது என் கட்சி. அம்மாவின் முகத்தைப் பார்த்த அந்தப் பார்வைக்காக ஒரு ரூபாயும் செய்யக் கூடாது. இரண்டும் ஒரே பிள்ளையிடம் ஒரே மாலையில் இருந்தன என்பதுதான் சிக்கல்.

தங்கையிடம் இப்படித்தான் சொன்னேன். இப்போதைக்கு ஹாஸ்டல் வேண்டாம், விழுப்புரத்திலேயே காலையும் மாலையும் ஆடட்டும், விடுமுறையில் சென்னைக்குக் கூட்டிப்போகலாம். பள்ளியை நிறுத்தக் கூடாது. பன்னிரண்டு வயதில் அவளிடம் கேட்க வேண்டும்; வேண்டாம் என்று அவள் சொல்லக்கூடிய மாதிரி கேட்க வேண்டும். அதுவரை, உனக்காக எவ்வளவு கஷ்டப்படுகிறோம் தெரியுமா என்ற பேச்சை வீட்டில் ஒருத்தரும் எடுக்கக் கூடாது.

"இவ்ளோ செலவு பண்ணிட்டு, பன்னண்டு வயசுல வேணாம்னு சொல்லிட்டா?" என்றாள்.

"விட்டுடணும்."

"விளையாட்டா சொல்றியா அண்ணா? அந்த வயசுல அவளுக்கு என்ன தெரியும்?"

சுந்தரரின் வழக்கை அவளிடம் சொன்னேன். அவளும் இந்த ஊர்ப் பெண்தான், அந்த மண்டபத்தில் தூணுக்குத் தூண் ஓடி விளையாடியவள். கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை. நாலு வருடம் தள்ளிப்போட்டால் சென்னைப் பிள்ளைகள் எங்கேயோ போயிருப்பார்கள் என்கிறாள். அதுவும் உண்மைதான். ஹாஸ்டலுக்கு அனுப்பாததால் சின்னவள் ஓர் உலக சாம்பியனாகாமல் போகலாம். அந்த நஷ்டத்தைத் தெரிந்தேதான் சொல்கிறேன். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். மாப்பிள்ளையிடமும் நானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன்.